பெற்றுக்கொள்ள ஆளில்லை

காரில் ஏறிய காந்திமதிநாதன் கதவைச் சாத்தாமல் டார்லினைக் கூப்பிட்டார்.

"நான் ஆழ்வார்குறிச்சி போறேன். தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். கோர்ட் கலைஞ்ச பொறவுதான் திரும்புவேன். தேவசிகாமணி வந்தாம்னா சார் இல்லைன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை நீ பேச வேண்டாம்."

"சரி சார்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது. என்ன?"

கார் வண்ணார்பேட்டை பஸ் நெரிசலுக்குள் நுழைந்து மறைந்தது. டார்லின் மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குள் வந்தாள். வக்கீல் காந்திமதிநாதனிடம் ஜூனியராகச் சேர்ந்து அவளுக்கு இது இரண்டாவது வருஷம். சீனியர் ஊரில் இல்லாத நாட்கள் அவளுக்குப் பிடிக்கும். வாய்தா கேட்பதற்காவது நீதிபதி முன்னால் வாயைத் திறக்கலாம். இன்றைக்கு அப்படியில்லை. அவர் ஊரில் இல்லாமல் இருப்பதுதான் இன்றைக்கு அலுவலகத்தின் வேலையே.

வழக்கு அருமைநாயகத்தினுடையது. பாளையங்கோட்டையில் அரிசி ஆலை வைத்திருப்பவர், கூடவே வட்டிக்கும் கொடுப்பவர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் அவரிடம் கடன் வாங்கியிருந்தார். அடமானப் பத்திரம் எழுதாமல், வீட்டை விற்பதாக ஒரு கிரய உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டார் அருமைநாயகம். கடன் கொடுப்பவர்கள் இந்தப் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். கடன்காரர் இறந்துபோனார். உடன்படிக்கைப்படி வீட்டை எனக்குக் கிரயம் செய்து தர வேண்டும் என்று அருமைநாயகம் அவர் மனைவி சண்முகசுந்தரி மேல் வழக்குப் போட்டார். சம்மன் போன நேரம் அந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூரில் இருந்தாள். பூட்டிய கதவில் சம்மனை ஒட்டிவிட்டு வந்தார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது.

அவள் திரும்பி வந்து, தீர்ப்பை ரத்து செய்து என் தரப்பையும் கேளுங்கள் என்று மனுப் போட்டாள். சார்பு நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கோர்ட்டுக்கு வராமல் எதிராளியை அலையவைத்ததற்கு ஈடாக, எழுநூற்றைம்பது ரூபாய் செலவுத்தொகையை வாதி தரப்பிடம் குறித்த தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் தீர்ப்பு ரத்து, வழக்கு முதலிலிருந்து நடக்கும். கொடுக்கத் தவறினால் மனு தானாகத் தள்ளுபடி, வீடு அருமைநாயகத்துக்கு.

அந்தக் குறித்த தேதி இன்றைக்குத்தான்.

பணம் இல்லாமல் அவர்கள் தாமதிக்கவில்லை என்பது டார்லினுக்குத் தெரியும். உத்தரவு வந்த அன்றைக்கே, கோர்ட் வராண்டாவில் வைத்து, சண்முகசுந்தரியின் வக்கீல் தேவசிகாமணி சட்டைப்பையில் கையை விட்டார். காந்திமதிநாதன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன வே அவசரம்? நான் என்ன ஓடியா போயிரப் போறேன்? பைய வாங்கிக்கிடலாம், போம்."

தேவசிகாமணி கையை வெளியே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு தடவை அப்படித்தான் ஆயிற்று. இந்த ஊர் வக்கீல்களுக்குள் செலவுத்தொகை ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு சட்டைப்பைக்குப் போகிற சமாச்சாரம். வாங்கிக்கிடலாம் என்று ஒருவர் சொன்னால் வாங்கின மாதிரிதான். அப்படிச் சொன்னபிறகும் பாங்கில் சலான் எழுதிக் கோர்ட்டில் கட்டினால், உன் வாயை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். முப்பது வருஷம் ஒரே வராண்டாவில் காப்பி குடித்த மனிதரை அப்படிச் சொல்ல தேவசிகாமணிக்கு மனசு வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவர் படியேறி வந்தபோது பாங்கு கவுன்டர் மூடியாகிவிட்டது. இனி கோர்ட்டில் கட்ட வழியில்லை. கையில்தான் கொடுக்க வேண்டும். பின்னாலேயே சண்முகசுந்தரி வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, நிமிர்ந்து நடக்கிற பெண். பையை மார்போடு பிடித்திருந்தாள்.

உள்ளே அருமைநாயகம் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து அவர் அங்கேதான் இருக்கிறார். காவலுக்கு வந்தேன் என்று சொல்லவில்லை. பேப்பர் படிக்க வந்தவர் மாதிரி பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

"ஐயா இல்லியே," என்றார் குமாஸ்தா அசன் மைதீன், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே.

"எங்க போயிருக்காரு?"

"விசேஷ வீடு. எப்ப வருவாகன்னு தெரியாது."

"விசேஷமா? நேத்துச் சாயங்காலம் பாக்கும்போது நாளைக்கு ஆபீஸுக்கு வாரும் வேன்னுதானய்யா சொன்னாரு?"

"வாரும்னுதான சொன்னாக? இருப்பேன்னா சொன்னாக?" அசன் மைதீன் முகத்தில் சிரிப்பே இல்லை.

அருமைநாயகம் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ஹும்' என்றார். தேவசிகாமணி அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்களே இங்கன இருக்கீகளே! பணம் உங்களுக்குத்தான். நீங்க வாங்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நான் என்னத்தைக் கண்டேன் வக்கீலய்யா? கோர்ட்டு விவகாரத்தை வக்கீல்ட்ட ஒப்படைச்சாச்சு. டாக்டர் கத்திய நான் புடிக்கலாமா?"

"உங்க டாக்டர் ஆபரேசன் அன்னைக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போயிட்டாரே," என்றாள் சண்முகசுந்தரி.

 டார்லின் மேசையில் விரித்திருந்த சட்டப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசிகாமணியின் பார்வை தன் பக்கம் திரும்புவதை நிமிராமலேயே உணர்ந்தாள்.

"ஏம்மா டார்லின், நீ இருக்கியே. நீ வாங்கலாமே."

"அவுகளுக்கு இந்த கேஸ்ல பேரு கிடையாது," என்றார் அசன் மைதீன் சட்டென்று. "வக்காலத்து ஐயா பேருக்கு மட்டுந்தான்."

"அப்படியா?" தேவசிகாமணி டார்லின் மேசைக்கு வந்தார். மூக்குப்பொடி வாசனை அடித்தது. "என்ட்ட வக்காலத்து நகல் இல்லை. கேஸ் கட்டு கோர்ட்ல இருக்கு. நீயே சொல்லு பிள்ளே. உன் பேரு இருக்கா, இல்லையா?"

பெயர் இருந்தது. அவள் சேர்ந்த புதிதில் போட்ட வழக்கு அது. புதுப் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சீனியர்தான் தன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்ட முதல் வக்காலத்து. பெயர் இருந்தால் அவள் வாங்கினாலும் காந்திமதிநாதன் வாங்கினாலும் ஒன்றுதான். அசன் மைதீனுக்கும் அது தெரியும். அந்தக் காகிதத்தில் ஸ்டாம்பு ஒட்டியதே அவர்தான்.

அருமைநாயகம் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். அவள் அப்பாவோடு ஒரே சர்ச்சில் கமிட்டியில் இருப்பவர். இந்த அலுவலகத்தில் அவளைக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

"சாரைக் கேட்டுட்டு வாரேன்," என்று சொல்லி டார்லின் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆழ்வார்குறிச்சி லைன் உடனே கிடைத்துவிட்டது. நாகஸ்வரத்துக்கு நடுவே காந்திமதிநாதன் குரல் வந்தது.

"வந்தாச்சா? ரெண்டு பேருமா? சரி. நான்தான் பேசாதேன்னு சொன்னேன்லா?"

"சார், என் பேரு வக்காலத்துல இருக்கு. அவர் நேரடியா கேக்காரு."

எதிர்முனையில் நாகஸ்வரம் மட்டும் கேட்டது. அவர் அதை மறந்திருக்கிறார்.

"இருந்தா என்ன? நீ வாங்கப் போறதில்ல. செலவுத்தொகைய வாங்கிட்டா அந்த உத்தரவை நாம ஏத்துக்கிட்டதா ஆகும். பொறவு மேல போய் அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. படிச்சிருப்பேல்லா?"

"படிச்சிருக்கேன் சார். ஆனா எங்க உரிமைக்குப் பாதகமில்லாம வாங்குதோம்னு எழுதி வாங்கினா, மேல போற வழி அடைபடாதே சார்?"

"அட, மேல போய் என்ன செய்ய?" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "பூட்டுன கதவுல ஒட்டின சம்மன். மேல போனா ஹைகோர்ட்ல நம்மளைத்தான் வெரட்டுவான். வழக்கு நடந்தா அந்தம்மா கூண்டுல ஏறி, கடனுக்குத்தான் எழுதினோம்னு சொல்லும். ரெண்டுமே நமக்கு ஆகாது. இன்னைக்கு ஒரு சாயங்காலம் சும்மா இருந்தா எல்லாம் அதுவா முடிஞ்சிரும். அதுவா போறதை நீ ஏன் புடிச்சு நிறுத்துத?"

"அவங்க அவகாசம் கேட்டு மனு போடுவாங்களே சார்."

"போடட்டும். அதுக்கு நாம ஒரு ஆட்சேபணை, அதுக்கு நாலு வாய்தா. அதுக்குள்ள கோர்ட்டே கிரயப் பத்திரத்தை எழுதிக் குடுத்து, கோர்ட் அமீனா வந்து பூட்டை உடைச்சிருவான். வை."

அவள் வெளியே வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"சார் பேச வேண்டாம்னு சொல்லிட்டாரு," என்றாள்.

தேவசிகாமணி தலையசைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "தப்பு என் மேலதான். வாங்கிக்கிடலாம்னான். நானும் சரின்னு திரிஞ்சேன்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"திரிஞ்சது நீங்க. வீடு என்னுது," என்றாள் சண்முகசுந்தரி. பிறகு டார்லினைப் பார்த்தாள். "இதுக்குத்தான் படிச்சியா ஏட்டி? கேட்ட கேள்விக்கு ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கதுக்கு?"

"ஆச்சி, பிள்ளையளைப் போட்டு ஏன் பிடுங்குதீக? சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" அருமைநாயகம் எழுந்தார். "ஏ டார்லின், நீ வீட்டுக்குப் போ. வெயில்ல மூஞ்சி வாடிப் போச்சு. நான் சார்ட்ட சொல்லிக்கிடுதேன். போ, இப்பவே கிளம்பு."

அது உத்தரவுதான். அவள் அறையிலிருந்து மறைந்துவிட்டால் அவளிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்காது. டார்லின் கைப்பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

பாளையங்கோட்டை போகும் சிட்டி பஸ் வந்தது. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரும்போது பின்வாசலில் தேவசிகாமணி தொற்றி ஏறுவது தெரிந்தது. முன்வாசலில் ஏறிய சண்முகசுந்தரி வேறு இடமில்லாமல் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பஸ் குலுங்கி அவளை உட்கார வைத்தது.

"கோர்ட் ஸ்டாப்," என்று ரூபாயை நீட்டினாள்.

"சில்லறையாக் குடுங்கம்மா. கோர்ட்டுக்குப் போறவுக எல்லாரும் நோட்டாத்தான் நீட்டுதீக," என்றான் கண்டக்டர்.

டார்லின் முருகன்குறிச்சிக்கு டிக்கெட் வாங்கினாள். கோர்ட்டுக்கு முன்னால் வரும் நிறுத்தம், வீடு அங்கேதான்.

 பின்னாலிருந்து கம்பியைப் பிடித்தபடி தேவசிகாமணி முன்னால் வந்து குனிந்தார்.

"ஜட்ஜ் எறங்குறதுக்குள்ள போயிட்டா, அவர் முன்னாலயே பணத்தை நீட்டிப் பாப்போம். வாங்கி வைங்கன்னு சொல்லிப் பாப்போம்."

"வாங்குவாரா?"

"கஷ்டம்தான். எதிர்த்தரப்புல வாங்க ஆளிருக்கான்னு கேப்பாரு."

அவர் டார்லினைப் பார்க்காமல்தான் சொன்னார். சண்முகசுந்தரியும் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "தெறக்காத கதவுல ஒட்டினாலும் கடுதாசி குடுத்ததாத்தான் கணக்குங்கான். நீட்டின கையில பணம் இருந்தும் குடுக்காத கணக்குங்கான். இது என்ன சட்டமோ," என்றாள்.

டார்லினுக்குப் பதில் தெரியும். சட்டம் அப்படி இல்லை. அலைச்சலுக்கு ஈடு கட்டத்தான் செலவுத்தொகை. எதிராளி அலைந்த அலைச்சலுக்கு விலை போட்டு, அதைக் கொடுத்துவிட்டு உன் வழக்கைப் பேசு என்று சொல்வது. அதை வாங்காமல் ஒளிவது அந்த ஈட்டையே பொறியாக மாற்றுவது. கல்லூரியில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பாள். ஆனால் அருமைநாயகம் அவளுடைய கட்சிக்காரர். அவருக்கு விரோதமாக ஒரு விரலை அசைத்தாலும் அதுவும் தப்புத்தான் என்று அதே கல்லூரியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எது விரோதம்? பணத்தை வாங்குவது அவர் ஜெயிக்கிற வழியை அடைக்கலாம். அவர் உரிமையை அடைக்காது, எழுத வேண்டியதை எழுதி வாங்கினால்.

"முருகன்குறிச்சி! எறங்கு, எறங்கு!"

இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். சண்முகசுந்தரி வழிவிடுவதற்காகக் கால்களை ஒதுக்கினாள். டார்லின் எழுந்திருக்கவில்லை. விசில் அடித்து பஸ் புறப்பட்டது.

"எம்மா, உன் ஸ்டாப்பு போயிட்டே," என்றான் கண்டக்டர்.

"தெரியும். கோர்ட்டுக்கு ஒண்ணு குடுங்க."

சண்முகசுந்தரி திரும்பி அவளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். 

சார்பு நீதிமன்றத்தில் இன்னும் விளக்கு எரிந்தது. வேறொரு வழக்கில் ஒரு வக்கீல் பொதுச் சுவர் ஒன்றைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். சுவர் யாருடையது, சுவரில் இருந்த ஜன்னல் யாருடையது, ஜன்னல் வழியே வந்த மழைத்தண்ணீர் யாருடையது என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். தேவசிகாமணி முன் வரிசையில் போய் நின்றார். டார்லின் கடைசி பெஞ்சில் சண்முகசுந்தரியோடு உட்கார்ந்தாள். அந்த மனிதர் நிறுத்தினால் போதும் என்றும் இருந்தது, நிறுத்தாமல் இருந்தால் நல்லது என்றும் இருந்தது.

அவர் நிறுத்தினார். நீதிபதி பேனாவை மூடிக்கொண்டு எழப் போனார்.

"யுவர் ஆனர், ஒரே ஒரு நிமிஷம்," என்றார் தேவசிகாமணி.

விஷயத்தைச் சொன்னார். நீதிபதி பாதி எழுந்த நிலையில் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று தெரியும் அல்லவா? இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?"

தேவசிகாமணி வாயைத் திறந்தார். வாங்கிக்கிடலாம்னு அவன் சொன்னான் என்று அவர் சொல்லிவிடுவார் என்று டார்லின் நினைத்தாள். சொல்லியிருந்தால் நீதிபதி நம்பியிருக்கவும் கூடும்.

"என் தவறு, யுவர் ஆனர்."

"உங்கள் தவறுக்கு நான் பணம் வாங்கி வைக்கும் பெட்டி இல்லை. உத்தரவு எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்கிறது." நீதிபதி கூடத்தைப் பார்த்தார். "வாதி தரப்பில் யாராவது இருக்கிறார்களா?"

டவாலி வாசலில் போய் வழக்கு எண்ணையும் அருமைநாயகத்தின் பெயரையும் கூப்பிட்டான். வராண்டாவில் யாரும் அசையவில்லை.

டார்லின் எழுந்து நின்றாள். முழங்கால் முன் பெஞ்சில் இடித்தது.

"இருக்கிறேன், யுவர் ஆனர். வாதிக்காக."

நீதிபதி அவள் பக்கம் பார்த்தார். பிறகு கண்களைத் தாழ்த்தி, எதிரே இருந்த காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அங்கே யாரும் நிற்பதாக எனக்குத் தெரியவில்லை."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கீழே பார்த்தாள். கைத்தறிச் சேலை. கறுப்புக் கோட்டும் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் வண்ணார்பேட்டை அலுவலகத்தில் தொங்குகின்றன. வீட்டுக்குப் போகிறவளுக்கு அவை எதற்கு? அந்த இரண்டும் இல்லாத வக்கீல் நீதிபதியின் கண்ணுக்குத் தெரியமாட்டார், அவர் சொல்வது காதில் விழாது. எல்லாக் கோர்ட்டிலும் உள்ள வழக்கம். இந்த நீதிபதி அதில் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. கூடத்தில் நின்ற இரண்டு வக்கீல்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"யாரும் இல்லாவிட்டால்…" என்று நீதிபதி மறுபடி பேனாவைத் திறந்தார்.

தேவசிகாமணி கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டையை அவிழ்த்தார். கோட்டைக் கழற்றினார். அக்குளில் நனைந்த வெள்ளைச் சட்டையோடு கடைசி பெஞ்சுக்கு விறுவிறு என்று நடந்து வந்தார்.

"கையை நீட்டு பிள்ளே. சீக்கிரம்."

"சார், உங்களுக்கு…"

"நான் பேசினது போதும். நீட்டு."

கோட்டு மூக்குப்பொடியும் வியர்வையுமாக நாறியது. கை அவள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. பட்டையின் நாடாவை சண்முகசுந்தரி பின்னாலிருந்து முடிந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டுகிற வேகத்தில். டார்லின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போனாள்.

"இப்போது தெரிகிறது," என்றார் நீதிபதி. முகத்தில் மாற்றம் இல்லை. "வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா?"

"இருக்கிறது, யுவர் ஆனர்."

சத்தமாகவே வந்தது. பெஞ்ச் கிளார்க் கட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஆனால் இப்போது பிரதிவாதி தரப்பில் யாரும் தெரியவில்லையே," என்றார் நீதிபதி. தேவசிகாமணி வெறும் சட்டையோடு பார்வையாளர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

"நான் இருக்கேன்யா," என்றாள் சண்முகசுந்தரி. நடந்து முன்னால் வந்தாள். "வீட்டுக்காரி."

பையிலிருந்து கவரை எடுத்து டார்லினிடம் நீட்டினாள். டார்லின் வாங்கிக்கொண்டாள். தேவசிகாமணி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ரசீதுக் குறிப்பில், 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவோடு குனிந்தவள் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதினாள். வாதியின் உரிமைகளுக்குப் பாதகமின்றியும், ஆட்சேபணைகளுக்கு உட்பட்டும்.

நீதிபதி அதை வாங்கிச் சத்தமாக வாசித்தார். "இதை எழுதத்தான் வேண்டுமா?"

"எழுதணும், யுவர் ஆனர். அவர் என் கட்சிக்காரர்."

நீதிபதி கொஞ்சநேரம் அந்த வரியையே பார்த்தார். பிறகு தன் கையால் எழுதி, வாய்விட்டும் வாசித்தார்: "செலவுத்தொகை செலுத்தப்பட்டது. மனு அனுமதிக்கப்படுகிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ரத்து." எழுந்து உள்ளே போனார்.

வராண்டாவில் டார்லின் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். தேவசிகாமணி அதைப் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு, "நான் ஒரு காப்பி குடிக்கணும்." என்று கேன்டீன் பக்கம் போய்விட்டார்.

சண்முகசுந்தரி நின்றாள். "அது என்னது, கடைசில எழுதினியே? பாதகமின்றின்னு ஜட்ஜய்யா படிச்சாரே?"

"இந்த உத்தரவு தப்புன்னு அவர் மேல போகணும்னா போகலாம். நான் வாங்கினதால அந்த வழி அடைபடக் கூடாது. அதுக்கு."

"அப்ப இன்னும் ஒரு முள்ளை உள்ள வச்சுத்தான் தந்திருக்கே."

"ஆமா," என்றாள் டார்லின்.

"இனி கேஸு நடந்து நான் ஜெயிச்சா, இந்தப் பணம் திரும்பி வருமா?"

"வராது. தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்குச் செலவு கட்டணும்னு தீர்ப்புல சொல்லுவாங்க. ஆனா இன்னைக்குக் கட்டினது அதுல சேராது. இது நீங்க அன்னைக்கு வராததுக்கு."

"கோயம்புத்தூர்ல எம் பேத்தி பொறந்ததுக்கு," என்றாள் சண்முகசுந்தரி. நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. பையை மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டு தேவசிகாமணி போன பக்கம் நடந்தாள்.

டார்லின் வண்ணார்பேட்டைக்கு எதிர்ப் பஸ் பிடித்தாள். வாங்கியது கட்சிக்காரருடைய பணம். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அலுவலகத்தில் அருமைநாயகம் அதே நாற்காலியில்தான் இருந்தார். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்துசேர்ந்திருந்தது. அசன் மைதீன் அவளைப் பார்த்ததும் போன் ரிசீவரை நீட்டினார்.

"ஐயா லைன்ல இருக்காக."

நாகஸ்வரம் நின்றிருந்தது. காந்திமதிநாதன் கத்தவில்லை.

"பாதகமின்றின்னு எழுதினியா?"

"எழுதினேன் சார்."

"அந்த மட்டுக்கும் சரி. நாளைக்கு ஹைகோர்ட்டுக்கு ரிவிஷன் மனு டிராஃப்ட் நீதான் போடுத. கூட பிரமாண வாக்குமூலம். கடைசி நாள் வரைக்கும் பணத்தைத் தராம இழுத்தடிச்சாங்கன்னு நல்லா எழுது."

"போடுதேன் சார். ஆனா நடந்தது எல்லாத்தையும் எழுதணும். அவர் முதல் நாளே வராண்டாவுல பணத்தை எடுத்தாரு. நீங்க கையைப் புடிச்சு, பைய வாங்கிக்கிடலாம்னு சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன் சார்."

ஆழ்வார்குறிச்சியில் யாரோ பந்திக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அப்படி எழுதினா அதுல எவன் கையெழுத்துப் போடுவான்?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கேன்."

போன் வைக்கப்பட்டது. டார்லின் கவரை எடுத்து அருமைநாயகத்துக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"உன்னை வீட்டுக்குல்லா போகச் சொன்னேன்?"

"ஆமா மாமா."

"உங்கப்பன் முகத்தை ஞாயித்துக்கிழமை நான் எப்படிப் பாக்க? நான் கொண்டாந்து விட்ட பிள்ளை நீ." குரல் ஏறி, தானே அடங்கியது. கவரையே பார்த்தார். "மேல போறாரா, இல்லையா? என்ன சொல்லுதாரு?"

"அவர்ட்டயே கேளுங்க மாமா."

"போகாட்டா கேஸு நடக்கும். அவ கூண்டுல ஏறுவா."

"ஏறுவாங்க."

"கடனுக்குத்தான் எழுதினதுன்னு சொல்லுவா."

டார்லின் கவரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அசன் மைதீன் ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் அங்கேயே நின்றார். அருமைநாயகம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் கேட்டதில் அதட்டல் இல்லை.

"நீ என்ன நினைக்க?"

"நான் உங்க வக்கீல் மாமா," என்றாள் அவள். "நான் நினைக்கது உங்க கேஸுக்கு ஆகாது."